வேதாந்தத்தை நடுத்தெருவுக்குக் கொண்டு வந்த பாரதியார்! சர்க்காரும் விரட்டியது, ஊரும் ஒதுக்கியது

கூமாப்பட்டி, செப்.11-

எல்லா உயிரும் ஒன்றே என்ற வேதாந்தத்தை ஏட்டில் வைத்துப் பூட்டாமல் நடுத்தெருவுக்குக் கொண்டு வந்தவர் மகாகவி பாரதியார். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. வெள்ளைக்கார சர்க்கார் ஒரு பக்கம் விரட்டியது. சொந்த சாதிக்காரர்கள் மறுபக்கம் ஒதுக்கினார்கள். 39 வயது நிறையும் முன்பே கண்ணை மூடினார்.

அவர் மறைந்து 100 ஆண்டு ஆனதையொட்டி, செப்டம்பர் 11-ந்தேதியை மகாகவி நாள் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. கூமாப்பட்டி, வத்திராயிருப்பு பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அவர் பாட்டு மனப்பாடம். ஆனால் அந்தப் பாட்டுக்கு அவர் கொடுத்த விலை பலருக்குத் தெரியாது.

அதுபற்றிய விவரம் வருமாறு:-

14 வயது மாப்பிள்ளை

கூமாப்பட்டியில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வழியாகப் போனால் எட்டயபுரம் வரும். கரிசல் பூமி. ஜமீன் ஊர். அங்கே 1882 டிசம்பர் 11-ந்தேதி சின்னசாமி அய்யர்-லட்சுமி அம்மாள் தம்பதிக்கு மகனாகப் பிறந்தார். 5 வயதிலேயே தாயைப் பறிகொடுத்தார்.

தகப்பனார் எந்திர வேலையில் ஆசை உள்ளவர். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைக்கப் போய் நொடித்துப் போனார். ராஜபாளையம் மில்லே 1936-ல்தான் வந்தது. அதற்கு 40 வருஷத்துக்கு முன்பே கண்ட கனவு அது. கடனும் கவலையுமாக 1898-ல் அவரும் இறந்தார்.

அதற்கு முந்தின வருஷம்தான் பாரதியாருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 14. மணப்பெண் செல்லம்மாவுக்கு வயது 7. பிற்காலத்தில் குழந்தை மணத்தைக் கண்டித்து எழுதியவர், தாமே அதில் சிக்கியவர்தான்.

தகப்பனார் போன பிறகு காசியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அங்கே குடுமி போயிற்று. மீசையும் தலைப்பாகையும் வந்தன. அத்தை வீட்டில் ஒரே அமளி!

மனைவி எங்கே?

ஊர் திரும்பி ஜமீனில் கொஞ்ச காலம் பிழைப்பு. 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் வாத்தியார். அதே வருஷக் கடைசியில் சென்னைக்குப் போய் "சுதேசமித்திரன்" பத்திரிகையில் சேர்ந்தார். அதன் ஆசிரியர் ஜி.சுப்பிரமணிய அய்யர், விதவையான தன் மகளுக்கு 1889-லேயே மறுமணம் செய்து வைத்தவர்.

காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன சமயத்தில், விவேகானந்தரின் சிஷ்யை நிவேதிதா தேவியைப் பார்த்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அந்த அம்மையார் கேட்டார். எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை என்றார் இவர். வீட்டுப் பெண்ணை அடைத்து வைத்துவிட்டு நாட்டுக்கு விடுதலை கேட்பது எப்படி என்று அம்மையார் ஒரு போடு போட்டார்.

பாரதியார் அதோடு ஆள் மாறினார். 1908-ல் வந்த தேசப் பாட்டுப் புத்தகத்தை நிவேதிதாவுக்கே காணிக்கை ஆக்கினார்.

போலீஸ் வலை

"இந்தியா" வாரப் பத்திரிகையில் அவர் எழுதியது சர்க்காருக்கு நெருப்பாகச் சுட்டது. 1908-ல் வ.உ.சி. ஜெயிலுக்குப் போனார். "இந்தியா"வின் ஆசிரியராகப் பதிவாகி இருந்த சீனிவாசன் கைதானார். அடுத்தது பாரதியார்தான் என்ற நிலை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்குத் தப்பினார்.

அங்கே 10 வருஷம். வாசலில் துப்பறியும் போலீசார். பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் போகத் தடை. 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது.

அந்த நெருக்கடியில்தான் கீதையைத் தமிழாக்கினார். பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயில் பாட்டும் புதுச்சேரியில் பிறந்தன. பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்தில் அடிபட்ட பெண்களுக்காகவும் பாடினார்.

பூணூல் சங்கதி

எல்லாம் பிரம்மம் என்றால் மேல்சாதி ஏது, கீழ்சாதி ஏது? எல்லாம் சக்தி என்றால் பெண் மட்டும் எப்படி அடிமை? இதுதான் அவர் தத்துவம். மற்றவர்கள் இதைப் பிரசங்கம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பாரதியார் செய்தே காட்டினார்.

புதுச்சேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கனகலிங்கம் என்ற வாலிபருக்குப் பூணூல் போட்டு, காயத்ரி மந்திரமும் சொல்லிக் கொடுத்தார். இது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல. வைதீகர்கள் கொதித்தார்கள். கனகலிங்கம் பிற்காலத்தில் தன் குருவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

வீட்டில் உலைக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு வாரி இறைத்தார். அவருக்கு அதுவும் வேதாந்தம்தான். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று தவித்தவர் செல்லம்மாள்.

40 புத்தகம்

1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்தார். கடலூர் அருகே கைதானார். டிசம்பரில் விடுதலை. மனைவியின் ஊரான கடையத்துக்குப் போனார். அங்கே செல்லம்மாளின் தோளில் கை போட்டபடி தெருவில் நடந்தார். அக்கிரகாரம் வாய் மேல் கை வைத்தது. ஊர் அவரோடு ஒட்டவே இல்லை.

தன் எழுத்தை எல்லாம் 40 புத்தகமாக, ஒவ்வொன்றிலும் 10 ஆயிரம் பிரதி போடத் திட்டம் போட்டார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல வீடு தோறும் விலை போகும் என்று நம்பினார். நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கடன் கேட்டார். துட்டு வரவில்லை. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923-ல் பிறந்து ஓகோ என்று வளர்ந்தது. அதைப் பார்க்கவும் அவர் இல்லை.

யானை தள்ளியது

1920 கடைசியில் மறுபடி சென்னை, மறுபடி "சுதேசமித்திரன்". 1921-ல் திருவல்லிக்கேணி கோவில் யானை அவரைத் தள்ளிவிட்டது. குவளைக்கண்ணன் பாய்ந்து காப்பாற்றினார். காயம் ஆறியதும் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய், மனிதனுக்கு மரணம் இல்லை என்ற பொருளில் பேசினார். அடுத்த சில வாரத்தில் வயிற்றுக் கடுப்பு கண்டது. செப்டம்பர் 11-ந்தேதி நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் 20 பேர்கூட இல்லை!

செத்த பிறகும் சர்க்கார் விடவில்லை. 1928-ல் முதலில் பர்மா சர்க்காரும், பிறகு சென்னை சர்க்காரும் அவர் பாட்டுகளுக்குத் தடை போட்டன. போலீசார் புத்தகங்களைப் பறிமுதல் செய்தனர். சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து வெளுத்து வாங்கினார்.

சுதந்திரம் வந்த பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாக இருந்த 1949-ல், பாரதியார் நூல்களின் உரிமையை அரசே வாங்கியது. 1955-ல் அது மக்கள் எல்லோருக்கும் பொது ஆனது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம். 40 புத்தகம் போடக் கடன் கேட்டு அலைந்தவரின் ஆசை இப்படித்தான் நிறைவேறியது.

பாட்டு பொதுச்சொத்து ஆகிவிட்டது. பாட்டில் சொன்ன சங்கதிதான் பாக்கி. சாதி மாறிக் கல்யாணம் செய்து கொண்ட ஜோடிகள், பெற்றவர்களுக்குப் பயந்து மாலையும் கழுத்துமாகப் போலீஸ் நிலையத்தில் தஞ்சம் கேட்டு வருவது இன்னும் நின்றபாடில்லை.