உலகம் சுற்றிய கோட்டையூரார்

மதுராந்தகத்தில் வாழ்வோர்க்குப் பயணம் புதிதன்று. சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் நம் ஊரைத் தொட்டே செல்கின்றன. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அண்மையிலுள்ள வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஏரி வற்றுமுன் பறந்துவிடுகின்றன. வருவோரையும் போவோரையும் நாளும் காணும் ஊர் நம்முடையது. ஆயினும், சென்று கண்டதைத் தம் மொழிக்கு வரவு வைத்த தமிழர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் மிஞ்சிவிடும். அச்சிலருள் தலையாயவர் ஏ.கே. செட்டியார். நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளைக் கடந்து நிற்கும் இவ்வேளையில் அப்பெருமகனாரை நினைவுகூர்தல் பொருத்தமுடையது.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் கருப்பன் செட்டியார். நகரத்தார் மரபில் கடல் கடத்தல் வியப்புக்குரிய செயலன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்துப் பொருளீட்டித் திரும்புவது அக்குடியினரின் வாழ்க்கைமுறை. இளைஞர் கருப்பனும் பர்மா சென்றார். ஆனால் அவர் கையில் எடுத்தது பேரேடன்று, எழுதுகோல். ‘தனவணிகன்’ என்னும் இதழின் ஆசிரியராக அங்கே பணியாற்றினார். பொருள் தேடிச் செல்லும் வழியிலேயே வேறொன்றைத் தேடும் வேட்கை அவருள்ளத்தில் முளைத்துவிட்டது எனலாம்.

அவ்வேட்கை அவரைப் படிப்படியாகத் தொலைவுக்கு அழைத்துச் சென்றது. ஒளிப்படக் கலையைக் கற்கும் பொருட்டு 1930களின் இடையில் ஜப்பானுக்குச் சென்றார். அதன் மேற்பயிற்சிக்காக அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரை அடைந்தார். ஜப்பானைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் நூலாயின. பின்னர் 1940இல் வெளிவந்த ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூலின் பெயர் அவர்க்கே பட்டப்பெயராக நிலைத்தது.

இளமையில் ஊர் காணும் விருப்பம் பலர்க்கும் உண்டு. குடும்பமும் தொழிலும் வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிடுவதே உலகியல்பு. செட்டியாரிடம் அது அடங்காமல் வளர்ந்ததன் காரணம் யாது? அவ்விருப்பத்திற்கு ஒரு பணி வாய்த்தமையே என்று தோன்றுகிறது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளின் வாழ்வை ஆவணப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு உதித்தது. அன்று அண்ணலின் பிறந்தநாள். செட்டியார்க்கு அப்போது இருபத்தாறு வயது நிறையவில்லை. பெருஞ்செல்வமோ அரசின் துணையோ அவரிடம் இல்லை. நாடோ அயலார் ஆட்சியில் இருந்தது.

அன்று தொடங்கிய அலைச்சல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் நீடித்தது. நான்கு கண்டங்களில் சுமார் ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். பல்லாண்டுகளாகப் பற்பலர் எடுத்து, எங்கெங்கோ முடங்கிக் கிடந்த காந்தியடிகளின் படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். சேர்ந்தவை 50,000 அடி நீளமுள்ளவை. அவற்றிலிருந்து சுமார் 12,000 அடியைத் தேர்ந்து தொகுத்து, தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்டில் சென்னையில் திரையிட்டார். காந்தியடிகள் வாழ்ந்த காலத்திலேயே அவரைப் பற்றிய முழுநீள ஆவணப் படம் முதன்முதலாகத் தமிழில் பேசிற்று என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1953இல் அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் உருவாயிற்று.

படம் முடிந்தும் பயணம் முடியவில்லை. ஆனால் அதன் திசை மாறிற்று. 1943இல் ‘குமரி மலர்’ இதழைத் தொடங்கி, 1983இல் மறையும் வரை அதனை நடத்தினார். பழைய ஏடுகளிலும் இதழ்களிலும் புதைந்து கிடந்த அரிய எழுத்துகளை எடுத்துத் தந்தது அவ்விதழின் தனிச்சிறப்பு. தமிழகத்தைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளையும் தொகுத்து நூலாக்கினார். கடல் கடந்து படச்சுருள் தேடிய கால்கள், முதுமையில் பழந்தாள்களுக்கிடையே காலம் கடந்து நடந்தன. ‘குடகு’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’ என அண்மையும் சேய்மையும் அவர் எழுத்தில் ஒருங்கே இடம்பெற்றன.

அவர்தம் நடை கவிஞர்கள் கருதிப் பார்க்கத்தக்கது. சிறு சிறு சொற்றொடர்கள், அலங்காரம் இல்லை. பெருங்கட்டடங்களைவிட, வழியில் எதிர்ப்பட்ட எளிய மனிதர்களே அவர் பக்கங்களில் மிகுதி. தம்மைப் பற்றிப் பேசுவதை அவர் பெரிதும் தவிர்த்தார். தம் உருவப்படம் வெளிவருவதையும் விரும்பவில்லை.

அவ்வடக்கத்திற்கு ஒரு விலையும் இருந்தது. உலகம் சுற்றுதல் என்றதும் 1973இல் வெளிவந்த திரைப்படம் நினைவுக்கு வரும் அளவிற்குச் செட்டியார் பலர்க்கும் நினைவுக்கு வருவதில்லை. எங்கெங்கோ சிதறிக் கிடந்தவற்றையெல்லாம் தேடிச் சேர்த்தவருடைய படமே நெடுங்காலம் கிட்டாமற்போயிற்று. ஆங்கில வடிவம் பின்னாளில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டது. படம் உருவான வரலாற்றை அவர் ‘குமரி மலரி’ல் எழுதியிருந்தார். அக்கட்டுரைகள் ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என 2003இல் நூலாயின. தேடியவரைத் தேடுவதற்கு ஒருவர் தேவைப்பட்டார்.

இங்கேதான் நம் வட்டத்திற்குரிய பாடம் இருக்கிறது. பத்தாண்டுகளாக நம் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகள் எத்தனை! அவற்றுள் பல, படித்தவரின் சட்டைப்பையோடு வீடு சென்றுவிட்டன. கைத்தட்டல் அடங்கியதும் தாளும் மறைந்தது. இம்மலர் அவற்றுள் சிலவற்றையேனும் காக்கும். எஞ்சியவற்றைத் தேடிச் சேர்க்க நான்கு கண்டங்கள் செல்லவேண்டியதில்லை. நாலைந்து தெருக்கள் நடந்தால் போதும். அந்நடையை மேற்கொள்வோமாயின், கோட்டையூராரின் நெடும்பயணத்தில் நாமும் சிறு தொலைவு உடன் சென்றவராவோம்.