அகராதி தந்த வையாபுரிப் பிள்ளை

கணிப்பொறிப் பிரிவு மாணவன் எதற்கு அகராதி போட்டவரைப் பற்றி எழுதுகிறான் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் சிக்கநரசையன் என்னும் சிற்றூரில் 1891-ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சட்டம் படித்துத் திருவனந்தபுரத்திலும் நெல்லையிலும் வக்கீலாக இருந்தார். 1926-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்குப் பதிப்பாசிரியர் ஆனார். அவருக்கு முன் 1913-இல் மதுரையில் அந்த வேலையைத் தொடங்கியவர் சாண்ட்லர் பாதிரியார். 1845-இல் நம்ம கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய அதே அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்தான். கூக்காலில் பிறந்த எனக்கு இதில் ஒரு சந்தோஷம்!

வேலை சாமானியமானதல்ல. 1862-இல் வந்த வின்ஸ்லோ அகராதியிலேயே சுமார் 67,000 சொற்கள். அதோடு ஜி.யு. போப் சேர்த்து வைத்தவை, நிகண்டுகள், இலக்கியங்கள், பேச்சு வழக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் ஒரே சொல் பத்து தடவை வரும். இரட்டையைத் தூக்கிவிடலாம் என்றால், எது இரட்டை? ஓடுகிற ஆறும் எண்ணுகிற ஆறும் எழுத்தில் ஒன்று, சொல்லில் வேறு. பவளமும் பவழமும் எழுத்தில் வேறு, பொருள் ஒன்றே.

ஜாவாவில் நாம் படுகிற பாடும் இதுதானே! இரண்டு லிஸ்டைச் சேர்த்து ஹேஷ்செட்டில் போட்டாலும், ஒரே விவரமுள்ள இரண்டு ஆப்ஜெக்ட்டும் அப்படியே நிற்கும். ஏனென்றால் அது தானாக விவரத்தைப் பார்க்காது, இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்றுதான் பார்க்கும். எதெல்லாம் ஒத்திருந்தால் ஒன்று என்பதை ஈக்வல்ஸில் நாம்தான் எழுத வேண்டும். ஹேஷ்கோடும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். அது அகராதியின் முதல் எழுத்து மாதிரி. தப்பான எழுத்தில் தேடினால், இருக்கிற சொல்லும் கிடைக்காது. பெயரை மட்டும் ஒப்பிட்டால் இன்னும் மோசம். என் தாத்தாவுக்கும் அவர் பங்காளிக்கும் ஒரே பெயர். ஒரு உதவித்தொகைப் பட்டியலில் இரட்டைப் பதிவு என்று ஒருத்தரை அடித்துவிட்டார்கள். தாத்தாவுக்குப் பல மாசம் பணம் வரலை.

பிள்ளையவர்கள் 1936-க்குள் ஆறு தொகுதிகளை முடித்தார். 1,04,405 சொற்கள்! பிறகு அனுபந்தமும் வந்தது. அதோடு விட்டாரா? 1940-இல் சைவ சித்தாந்த மகா சமாஜத்திற்காகச் சங்கப் பாடல்களைப் புலவர் வாரியாகப் பிரித்துப் பதிப்பித்தார். மொத்தம் 2,381 பாட்டு, பெயர் தெரிந்த புலவர்கள் 473 பேர். கபிலர் பெயரில் பல நூல்களில் சிதறிக் கிடந்தவை ஓரிடத்துக்கு வந்தன. தொல்கபிலர் வேறு ஆள், அவரைத் தனியே வைக்க வேண்டும். கை தவறினால் ஒரு புலவரே காணாமல் போயிருப்பார். என் பார்வையில் லெக்சிகனைவிடக் கஷ்டமான வேலை இதுதான்.

நூல்களுக்குப் பிற்காலத்துத் தேதி சொல்கிறார் என்று அறிஞர்கள் பலர் அவரோடு மோதினார்கள். இன்றும் அந்தச் சண்டை ஓயவில்லை. ஆனாலும் அவர் தமக்குச் சரியென்று பட்டதையே எழுதினார். 1956 பிப்ரவரி 17-இல் காலமானார். அவர் சேர்த்த புத்தகங்களும் சுவடிகளும் கல்கத்தா தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.