ஸுஜூதில் விழுந்த அரசர்

பெத்லகேமில் ஆடு மேய்த்த இளைஞர் ஹஜ்ரத் தாவூது (அலை) அவர்கள். தாலூத்தின் படையில் சேர்ந்து ஜாலூத்தை வீழ்த்தினார்கள். சுமார் கி.மு. 1000 அளவில் பனீ இஸ்ராயீல்களின் அரசரானார்கள். அவர்களது ஆட்சி 40 ஆண்டுகள் என்கிறது பைபிள். முதலில் ஹெப்ரோனில், பின்னர் ஜெருஸலத்தில்.

அரசராயிருந்தும் தம் கையுழைப்பிலேயே உண்டார்கள். அல்லாஹ் இரும்பை மிருதுவாக்கிக் கொடுக்க, போர்க்கவசம் செய்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு. இரவில் பாதி உறங்கி, மூன்றிலொரு பங்கு வணங்கி, ஆறிலொரு பங்கு மீண்டும் உறங்குவார்கள்.

அத்தகையவர்களுக்கும் சோதனை வந்தது. இருவர் சுவரேறி வந்து வழக்குரைத்தனர். 99 ஆடுகள் உடையவர் தம்முடைய ஒரே ஆட்டையும் கேட்கிறார் என்றார் ஒருவர். அது அநீதியென உடனே கூறிவிட்டார்கள். மற்றவரை விசாரியாமல் கூறியதே பிழை என்பர் விரிவுரையாளர் சிலர். சோதனையென உணர்ந்ததும் ஸுஜூதில் விழுந்து தௌபாச் செய்தார்கள், அல்லாஹ் மன்னித்தான்.

அன்பர்களே! மனைவி மக்களிடையே, கூட்டாளிகளிடையே நாமும் தினம் தீர்ப்புக் கூறுகிறோம். ஒருவர் கண்ணீரை மட்டும் கண்டு மற்றவரைக் குற்றவாளியாக்கிய நாட்கள் எத்தனை? அந்த அரசரின் நெற்றி தரையில் பட்டது. நம் நெற்றி?