சர்ப்பகந்தா வேரின் ஆற்றலை உலகறியச் செய்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல்

குன்னத்துகால்: கேரள எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகே தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் கிராமங்களுள் ஒன்று குன்னத்துகால். தமிழில் சர்ப்பகந்தா எனவும் மலையாளத்தில் அமல்பொரி எனவும் வழங்கும் மூலிகை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பதம் மிக்க காடுகளில் வளர்வதாகும். அதன் வேர், நரம்பு செல்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் விதத்தை அறிவியல் உலகம் புரிந்துகொள்ள உதவியது. அந்த வேரை உலக மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டு சென்றவர் ருஸ்தம் ஜால் வக்கீல்.

1911-ஆம் ஆண்டு பிறந்த வக்கீல், லண்டனில் மருத்துவம் பயின்று தாயகம் திரும்பினார். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதயநோய் மருத்துவராகப் பணியாற்றினார். உயர் ரத்த அழுத்தத்துக்குப் பயனுள்ள மருந்துகள் மிகக் குறைவாக இருந்த காலம் அது.

சர்ப்பகந்தா ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931-லேயே தெரிவித்திருந்தனர். எனினும், வெளிநாடுகளில் அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. வக்கீல் 50 நோயாளிகளுக்கு அம்மருந்தை அளித்து, ரத்த அழுத்தத்தை முறையாக அளந்து பதிவு செய்தார். அம்முடிவுகள் 1949-இல் பிரிட்டனின் இதயநோய் ஆய்விதழில் வெளியாயின. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1957-இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

ரெசர்பின் செயல்படும் முறை பின்னரே தெளிவானது. பெரும்பாலான நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றுக்கிடையே, ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு அளவே அகலமுள்ள இடைவெளி உள்ளது. அந்தச் சந்திப்பே சினாப்ஸ் எனப்படுகிறது. நரம்பு நுனியிலுள்ள நுண்பைகளில் சேமிக்கப்பட்ட வேதிப்பொருள், மின்தூண்டல் வந்தவுடன் வெளியேறி, இடைவெளியைக் கடந்து எதிரிலுள்ள செல்லுக்குச் செய்தியைச் சேர்க்கிறது. ரெசர்பின், அந்தப் பைகள் நிரம்புவதைத் தடுக்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளில் நார்அட்ரினலின் குறைவதால், குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது.

மூளையிலும் இதுவே நிகழ்ந்ததால், நோயாளிகளுள் சிலருக்கு மனச்சோர்வு ஏற்பட்டது. மனநிலைக்கும் நரம்பு வேதிப்பொருள்களுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் ஆராய இதுவும் ஒரு காரணமாயிற்று. 1957-இல் சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றிருந்த முயல்களுக்கு, உடலில் டோபமினாக மாறும் லெவோடோபாவைச் செலுத்தியபோது, அவை மீண்டும் இயங்கத் தொடங்கின. நடுக்குவாத நோய்க்கு இன்றும் அளிக்கப்படும் லெவோடோபா சிகிச்சைக்கு அது வழிவகுத்தது. கார்ல்சன் 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பத்மபூஷண் விருது பெற்ற வக்கீல் 1974-இல் காலமானார். பாதுகாப்பான புதிய மருந்துகள் வந்தபின் ரெசர்பினின் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. வேருக்காகப் பெருமளவில் பிடுங்கப்பட்ட சர்ப்பகந்தாவின் பன்னாட்டு வணிகம் தற்போது சைட்டிஸ் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வைத்தியர்கள் நெடுங்காலம் கையாண்ட ஒரு வேரை அளவீட்டுக்கு உட்படுத்திய வக்கீலின் பணி, அவர் எதிர்பாராத துறையிலும் பலன் அளித்துள்ளது.