அடிக்கிற கைதான் அணைக்குமா?

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் கையில் பிரம்பைத் திரும்பக் கொடுத்தால்தான் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்ற பேச்சைப் பொன்னேரி வட்டாரத்தில் இப்போது அடிக்கடி கேட்கிறோம். பேசுகிறவர்கள் வேறு யாருமல்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து ரயிலேறி வருகிற நம் தோழர்கள்தான். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதே கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரிக்கச் சொன்ன தகப்பன்மார் வம்சமல்லவா நாம்!

அவர்களுடைய பயத்தை நாம் ஏளனம் செய்யப் போவதில்லை. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள்; தங்கைக்கும் வெட்டு விழுந்தது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கு அரிவாளோடு வந்து சக மாணவனை வெட்டினான். நம் கும்மிடிப்பூண்டி ரயிலில் 2022 அக்டோபரில் பட்டாக்கத்தியோடு ஆட்டம் போட்டுப் பிடிபட்ட மூன்று கல்லூரி மாணவர்களும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பிள்ளைகளே.

அடியால் திருத்துகிறோம் என்று கிளம்பிய இடத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரயில்வே பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தில் பிடிபட்ட 17 வயதுப் பையனைச் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பினார்கள். 2022 டிசம்பர் 31 அன்று அவன் பிணமானான். அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்துக் கண்காணிப்பாளர் உள்பட ஆறு ஊழியர்கள் கைதானார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று ஆயுள் முழுவதும் வேலை செய்த ஒரு மனிதரின் கதையைத்தான் இன்று சொல்ல முற்படுகிறோம். அவர் பெயர் அந்தோன் மகரென்கோ. பழைய தோழர்கள் பலருக்குத் தெரிந்த பெயர்தான். இளைஞர்களுக்குத் தெரிய வேண்டிய பெயர்.

1888 மார்ச்சில், ஜார் ஆட்சிக் காலத்து உக்ரைனில், பெலபோலியே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ரயில்வே வாகன் பட்டறையில் வர்ணம் பூசும் தொழிலாளி. குடும்பம் பட்டறையோடு ஊர் மாறி கிரியூக்கவ் என்ற ஊருக்குப் போயிற்று. அங்கே ரயில்வே தொழிலாளர் பிள்ளைகளுக்கான பள்ளியில் 1905-ல், பதினேழு வயதில், மகரென்கோ உபாத்தியாயரானார். நம் பெரம்பூர் ரயில்வே பட்டறைத் தோழர்களுக்கு அந்தச் சூழ்நிலையை விளக்க வேண்டியதில்லை. பிறகு பல்த்தாவா ஆசிரியர் கல்லூரியில் படித்து 1917-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்.

அப்போது புரட்சி. உள்நாட்டுப் போர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் லட்சக்கணக்கில் தெருவில் அலைந்தார்கள். ரயில் கூரையில் தூங்கி, சந்தையில் திருடி, இருட்டில் வழிப்பறி செய்து பிழைத்தார்கள். 1920-ல் பல்த்தாவாவுக்கு ஆறு கிலோமீட்டர் தொலைவில் இளங்குற்றவாளிகளுக்கு ஒரு குடியிருப்பு தொடங்கும்படி மகரென்கோவிடம் சொன்னார்கள். பின்னால் மாக்ஸிம் கார்க்கியின் பெயர் வைக்கப்பட்ட குடியிருப்பு அதுதான். கையில் கிடைத்தது என்ன? மணல்மேட்டில் சில செங்கல் கட்டிடங்கள். கதவு, ஜன்னல், அடுப்பு எல்லாம் களவு போயிருந்தன. தோட்டத்துப் பழமரங்களைக்கூட யாரோ வேரோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

முதலில் வந்தவர்கள் ஆறு பேர். நால்வர் பதினெட்டு வயதுக் காளைகள். ஆயுதத்தோடு வீடு புகுந்து கொள்ளையடித்தவர்கள். இருவர் சின்னவர்கள், திருட்டுக் கேஸ். ஒருவரும் வேலை செய்வதில்லை. ஆசிரியைகளைக் கேலி செய்வார்கள். இரவில் ஊருக்குள் போவார்கள். ஒருவன் கொலைக் குற்றத்திற்காகக் கைதாகிப் போனான். மகரென்கோ கல்விச் சாஸ்திரப் புத்தகங்களையெல்லாம் புரட்டினார். உதவிக்கு ஒரு வரிகூட அகப்படவில்லை.

குளிர்காலத்தில் ஒரு நாள் விறகு வெட்டப் போகும்படி ஸதோரவ் என்ற பையனிடம் சொன்னார். அவன் ஏகவசனத்தில் எதிர்த்துப் பேசினான். மகரென்கோ நிதானம் இழந்தார், ஓங்கி அறைந்தார். ஒரு முறையல்ல, மூன்று முறை.

பிரம்புக் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டதும் துள்ளிக் குதிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஸதோரவ் அவரைவிடப் பலசாலி. நினைத்திருந்தால் அவரைத் தூக்கி எறிந்திருக்கலாம். அறைந்த கையோடு மகரென்கோ அந்தப் பையன்களுக்குக் கோடாலிகளைக் கொடுத்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர்களோடு காட்டுக்குப் போய் மரம் வெட்டினார். மேஜைக்குப் பின்னால், போலீஸுக்கும் சட்டத்திற்கும் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு விழுந்த அடியல்ல அது. அதையும் அவர் நியாயப்படுத்தவில்லை. தாம் தவறி விழுந்த இடம் என்றே கண்டார். அடி ஒரு கல்விமுறை ஆகாது என்று பிற்காலத்தில் எழுதினார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தாமே புத்தகத்தில் அச்சேற்றி, அதற்காக அதிகாரிகளிடம் வசவும் வாங்கிக்கொண்டார். பள்ளியில் பிள்ளையை அடிப்பதை நம் நாட்டில் 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. அந்தச் சட்டம் சரியே என்பது நம் கட்சி. ஆனால் தடை போட்டதோடு வேலை முடிந்தது என்று சர்க்கார் கைகழுவியதைத்தான் நாம் ஒப்பவில்லை.

அந்தக் குடியிருப்பை மாற்றியது அறை அல்ல. அதற்குப் பிறகு நடந்தவை. பக்கத்துக் காட்டில் திருட்டுத்தனமாக மரம் வெட்டுகிறவர்களைத் தடுக்கும் காவல் வேலையை மகரென்கோ பையன்களிடமே ஒப்படைத்தார். நேற்று வரை கொள்ளையடித்தவன் இன்று பொதுச் சொத்துக்குக் காவல்! இரவு முழுவதும் விழித்திருந்தார்கள். தங்களிடம் நாட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று முதன்முதலாக உணர்ந்தார்கள். உள்ளுக்குள்ளே திருட்டு நடந்தபோது திருடியவனைத் தோழர்கள் முன்னால் நிறுத்தினார்கள். தன்னோடு ஒரே சட்டியில் சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது போலீஸுக்குப் பதில் சொல்வதைவிடக் கஷ்டம். புதிதாக வருகிறவனின் பழைய கேஸ் கட்டைப் படிப்பதையும் மகரென்கோ நிறுத்திவிட்டார். பழசைக் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டமாயிற்று.

கராபானவ் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. புத்தகத்தில்தான் அந்தப் பெயர். நிஜப் பெயர் செமியோன் கலாபாலின். கொள்ளைக் கேஸில் சிறையில் கிடந்தவனை மகரென்கோ நேரில் போய் அழைத்து வந்தார். சில காலம் கழித்து அவனையே பட்டணத்துக்கு அனுப்பி 500 ரூபிள் பணம் வாங்கி வரச் சொன்னார். கொண்டு வந்தான். எண்ணிப் பார்க்காமல் பெட்டியில் போட்டார். அடுத்த முறை 2,000 ரூபிள். குதிரையும் கொடுத்து அனுப்பினார். நம் ஊரில் சங்கச் சந்தாப் பணத்தை இப்படி ஒருவனிடம் கொடுத்தனுப்ப எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

இன்னொன்று, நம் ரயிலடிக்கு ரொம்பவும் வேண்டியது. பையன்கள் கூடினால் ஒரு தலைவன் முளைப்பான். நம் ரயிலிலும் பஸ்ஸிலும் ரூட்டு தல என்று ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்களே, அதுபோல. மகரென்கோ தலைமையை ஒழிக்கவில்லை, பங்கு போட்டார். பிள்ளைகளைப் படைப்பிரிவுகளாகப் பிரித்தார். வயல் வேலைக்குக் கலப்புப் படை என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். சில நாளில் கலைத்துவிடுவார்கள். அடுத்த படைக்கு வேறொருவன் தளபதி. இன்று உத்தரவு போடுகிறவன் நாளை உத்தரவுக்குக் கீழ்ப்படிவான். நிரந்தர 'தல' என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிஷன் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஜாதிக் கயிறு கூடாது, வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்த மாணவர் படை ஒன்று வேண்டும் என்று அதில் யோசனைகள் இருக்கின்றன. கயிறை அறுப்பது சுலபம். கயிறு கட்டிய கைகள் இரண்டும் சேர்ந்து தூக்க ஒரு சுமை கொடுக்க வேண்டும். பாதி வேலை அதுதான்.

1926-ல் கார்க்கி குடியிருப்பு கார்க்கவ் நகரத்துப் பக்கம் குரியாஷ் என்ற பழைய மடத்துக்கு இடம் பெயர்ந்தது. அங்கே இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அழுக்கிலும் அடிதடியிலும் கிடந்தார்கள். 1928-ல் கார்க்கி நேரில் வந்து பார்த்தார். அதே வருடம் மகரென்கோ அந்தப் பொறுப்பிலிருந்து விலக வேண்டியதாயிற்று. ராணுவ வாடை வீசுகிறது, தண்டனை இருக்கிறது என்று கல்வி இலாகாவினர் அவரை விடவில்லை. 1927-ல் தொடங்கிய ஜெர்ஸின்ஸ்கி கம்யூனில் வேலையைத் தொடர்ந்தார். அது ரகசியப் போலீஸ் இலாகா நடத்திய ஸ்தாபனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அந்த இலாகாவின் மற்ற காரியங்களை நாம் அறியாதவர்களல்ல. கம்யூனில் பிள்ளைகள் நாளுக்கு நாலு மணி நேரம் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். மற்ற நேரம் பள்ளிப் படிப்பு. மின்சாரத் துளைக்கருவி செய்தார்கள். 'ஃபெட்' என்ற புகைப்படக் கருவி அவர்கள் கைவேலை. ஜெர்மானியரின் லைக்காவைப் பார்த்துச் செய்தது. மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கெட்டுப்போகும் வேலை. தெருப் பொறுக்கிகள் என்று ஊர் துப்பிய பிள்ளைகள் அதைச் செய்து, சம்பளமும் வாங்கினார்கள். நம் பிள்ளைகளை இன்று ஆலைக்கு அனுப்பு என்று இதற்கு அர்த்தமல்ல. குழந்தைத் தொழிலை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் நாம். ஆனால் பன்னிரண்டு வருஷப் படிப்பில் கையால் ஒரு பொருளைக்கூடச் செய்து முடிக்காமல் வெளியே வருகிறானே, அந்தப் பிள்ளைக்குத் தன் கையின் மதிப்பு எப்படித் தெரியும்?

1930-களில் தம் அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதினார். உடம்பு ஓய்ந்துவிட்டது. 1939 ஏப்ரல் 1 அன்று மாஸ்கோவுக்கு அருகே கலித்ஸினோ ஸ்டேஷனில், புறநகர் ரயில் பெட்டியிலேயே மாரடைப்பால் உயிர் பிரிந்தது. வயது 51.

கலாபாலின் குருவின் தொழிலையே பிடித்துக்கொண்டார். அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களுக்குத் தலைவரானார். அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் மனநிலை சரியில்லாத ஒரு பையன் கலாபாலினின் மூன்று வயது மகனைக் கொன்றுவிட்டான். மறுநாள் ராஜிநாமா எழுதிக் கொடுத்திருந்தால் உலகத்தில் யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவர் போகவில்லை. 1972-ல் சாகும் வரை அந்த வேலையிலேயே இருந்தார்.