பழக்கத்தில் புற்றுநோயின் தடம் கண்ட கானோல்கர்

மும்பை: இந்திய நோய்க்குறியியலின் முன்னோடியான டாக்டர் வசந்த் ராம்ஜி கானோல்கர் 1895-ல் பிறந்தார். லண்டனில் பயின்று திரும்பிய அவர், மும்பை பரேலில் 1941-ல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வகத்தை வழிநடத்தினார்.

திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோயை உறுதிசெய்வதுடன் அவர் நிற்கவில்லை. நோயாளிகளின் பழக்கங்களையும் ஆராய்ந்தார். சூர்யாபாயுடன் இணைந்து 1945-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, பழக்கத்துக்கும் புற்று தோன்றும் இடத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கியது. கைனிப் புகையிலையை அடக்கிவைப்போருக்கு உதட்டிலும், சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்போருக்கு மேலண்ணத்திலும், வேட்டியை இறுகக் கட்டுவோருக்கு இடுப்பிலும் புற்று தோன்றுவதை அது பதிவு செய்தது.

பழக்கத்தை மாற்றினால் இத்தகைய புற்றுநோய்களைத் தடுக்கலாம் என்ற அறிவுரைக்கு இச்சான்றுகள் வலுச்சேர்த்தன. 1952-ல் நிறுவப்பட்ட இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநரான கானோல்கர், 1955-ல் பத்மபூஷண் விருது பெற்றார், 1978-ல் காலமானார்.