மாதிரியில் முழுமையைக் கண்ட பேராசிரியர் மகலனோபிஸ்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால் ஒரு நாட்டின் வயல்கள் யாவும் ஒரே பானையில் வெந்தவை அல்ல. அவற்றின் சராசரி விளைச்சலை அறிய எத்தனை வயல்களைப் பார்க்க வேண்டும், பெறப்படும் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் வினாக்களுக்குத் தமது வாழ்நாளை அர்ப்பணித்தவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார்.

1893 ஜூன் 29 ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் நம் கணித மேதை இராமானுஜனின் நண்பரானார். 1915 இல் நாடு திரும்பி, பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்தார். எனினும் புள்ளிவிபரவியல் ஆய்வேடுகளே அவரது உள்ளத்தை ஆட்கொண்டன. 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தையும், 1933 இல் சங்க்யா என்னும் ஆய்விதழையும் தோற்றுவித்தார்.

அக்காலத்தில் வங்காளத்தின் பிரதான ஏற்றுமதிப் பயிராக விளங்கியது சணல். ஒவ்வொரு துண்டு நிலத்தையும் எண்ணிக் கணக்கெடுப்பதற்குப் பெரும் செலவும் ஆட்பலமும் தேவைப்பட்டன. அதற்கு மாற்றாக, எழுமாற்றாகத் தெரிவு செய்த நிலங்களை மட்டும் அளந்து முழுப் பரப்பையும் மதிப்பிடும் பரீட்சார்த்த முயற்சியை 1937 இல் அவர் ஆரம்பித்தார். 1941 அளவில் அது வங்காளம் முழுவதற்கும் விரிந்தது. ஒரே பிரதேசத்திலிருந்து தனித்தனி மாதிரிகளை எடுத்து, அவற்றை வெவ்வேறு குழுவினரிடம் ஒப்படைத்தமை அவரது சிறப்பான உத்தி. விடைகள் நெருங்கி நின்றால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ தவறு உண்டு.

அதே 1937 இல், போலந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ஜேர்சி நெய்மன், நம்பிக்கையாயிடை என்னும் கோட்பாட்டைக் கணித அடிப்படையில் நிலைநாட்டினார்.

இதனை நமது மண்ணிலேயே வைத்து விளங்கிக்கொள்ளலாம். கண்டி - குருநாகல் வீதியில் அமைந்த கலகெதரவை எடுத்துக்கொள்வோம். ஓடையோரத்துப் பள்ள வயலும், மழையை நம்பிய மேட்டு வயலும் ஒரே அளவு நெல் தருவதில்லை. அங்கு எழுமாற்றாக 100 வயல்களைத் தெரிவு செய்து அறுத்து நிறுக்கும்போது, ஹெக்டயருக்குச் சராசரி 4,000 கிலோகிராம் எனவும், நியம விலகல் 1,000 எனவும் கிடைப்பதாகக் கொள்வோம். நியம விலகலை 100 இன் வர்க்கமூலமான 10 ஆல் வகுத்தால் நியம வழு 100 ஆகும். அதன் 1.96 மடங்கைச் சராசரியுடன் கூட்டியும் கழித்தும் பார்த்தால், 3,804 முதல் 4,196 வரையான 95 சதவீத நம்பிக்கையாயிடை கிடைக்கும். இம்முறையைத் திரும்பத் திரும்பக் கையாண்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 95 தடவைகள் உண்மைச் சராசரி அத்தகைய எல்லைகளுக்குள் அகப்படும் என்பதே இதன் பொருள். இந்த எல்லையைப் பாதியாகக் குறுக்க வேண்டுமாயின், 200 அல்ல, 400 வயல்கள் தேவைப்படும்.

ஆயினும் வீதியோரத்துச் செழிப்பான வயல்களை மட்டும் தெரிவு செய்தால், எத்தனை நூறு வயல்களை அளந்தும் பயனில்லை. மேட்டு வயற்காரரின் வறுமை கணக்கில் மறைந்துபோகும். மிகச் சிறிய அறுவடைத் துண்டுகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என அறிஞர் சுகாத்மே மகலனோபிஸுடன் முரண்பட்டதும் இத்தகைய வழுவைக் குறித்தே.

1950 இல் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு அவரது முயற்சியால் உருவானது. இலங்கையிலும் 1950 களின் தொடக்கம் முதல் தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களம் மாதிரி அறுவடை மூலம் நெல் விளைச்சலை மதிப்பிட்டு வருகின்றது. அரிசியை இறக்குமதி செய்வதா இல்லையா என்னும் தீர்மானம் இத்தகைய கணக்குகளிலேயே தங்கியுள்ளது. கணக்குப் பிழைத்தால் விவசாயியின் நெல் விலை வீழும். அல்லது ஏழையின் உலை கொதியாது.

1972 ஜூன் 28 ஆம் திகதி, தமது 79 ஆவது பிறந்த தினத்துக்கு முதல் நாள் மகலனோபிஸ் மறைந்தார். அவரது பிறந்த தினம் 2007 முதல் இந்தியாவில் புள்ளிவிபர தினமாகக் கொண்டாடப்படுகின்றது. ஒரு சராசரி முன்வைக்கப்படும்போது, அது எத்தனை பேரிடம், எவ்வாறு பெறப்பட்டது, அதன் எல்லைகள் யாவை என வினவும் பழக்கத்தை நாம் வளர்த்துக்கொள்வதே அப்பெருமகனுக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.